எந்தப் பத்தாண்டின் புகழ் நிற்கும்?

திரைப்பாட்டுப் பித்துப் பிடித்த இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பத்தாண்டுச் சண்டை தொடங்கிவிடும். ஒருவர் அறுபதுகள் என்பார், மற்றவர் எண்பதுகள் என்பார், வயதில் இளையவர் ஒருவர் நடுவே புகுந்து ரோஜாவை நீட்டுவார். எந்தக் காலத்தில் நல்ல பாட்டு அதிகம் என்பது விடியவிடியப் பேசினாலும் தீராத வழக்கு. நான் கேட்பது வேறு. கொண்டாடப்பட்ட ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை விடாமல் கேட்டால், எந்தக் காலத்து ஆல்பம் தனக்குக் கிடைத்த பெயருக்குத் தகுந்ததாக நிற்கிறது?

இந்த வழக்கை ஆரம்பாக்கத்தில் வைத்துப் பேசலாம். சென்னை–கூடூர் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் அது. அடுத்த நிலையம் தடா, ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதிலும் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் குப்பங்களில் அம்மன் திருவிழாவுக்கு மைக் செட் கட்டினால் இரண்டு மொழிப் பாட்டுக்கும் அதில் இடமுண்டு. பாட்டுக்காரர்கள் வந்த வழியும் இதுதான். விஜயநகரத்து சுசீலா, காக்கிநாடாவின் பி.பி. ஸ்ரீனிவாஸ், குண்டூர்ப் பக்கத்து ஜானகி, நெல்லூரில் வளர்ந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று, நாம் ‘தமிழ்க் குரல்’ என்று கொண்டாடும் பாதிப் பேர் இந்த எல்லையைத் தாண்டித்தான் கோடம்பாக்கத்துக்கு வந்தார்கள்.

புகழை எதைக் கொண்டு அளப்பது? விருதை வைத்து அளந்தால் கணக்கு முதலிலேயே இடறுகிறது. திரையிசையமைப்புக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருது கந்தன் கருணைக்காக கே.வி. மகாதேவனுக்குப் போனது. பாவ மன்னிப்பும் (1961) கர்ணனும் (1964) வந்தபோது வாங்குவதற்கு அப்படியொரு விருதே கிடையாது. எம்.எஸ். விஸ்வநாதன் 2015இல் மறையும்வரை தேசிய விருது ஒன்றுகூடப் பெறவில்லை. 1992ஆம் ஆண்டுக்கான விருதில் ஏ.ஆர். ரஹ்மானின் ரோஜாவும் இளையராஜாவின் தேவர் மகனும் சமமாக நின்றன என்றும், நடுவர் குழுத் தலைவர் என்ற முறையில் தன் வாக்கே ரோஜாவின் பக்கம் சாய்த்தது என்றும் பாலு மகேந்திரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு கை உயர்ந்ததில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கியதாக வரலாறு எழுதிக்கொண்டோம்.

வாக்கெடுப்புகளும் பட்டியல்களும் இன்னும் வேடிக்கை. 2002இல் பிபிசி உலக சேவை உலகின் விருப்பப் பாடல்களுக்கு வாக்குக் கேட்டபோது தளபதியின் ராக்கம்மா பாட்டு நான்காவதாக வந்தது. ஐந்தாவது இடமும் தமிழுக்கே: ஈழத்துத் திருமலை சந்திரனின் ஒரு பாட்டு. புலம்பெயர்ந்த தமிழர்கள் சோர்வில்லாமல் வாக்களித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதிலிருந்து பெரிதாக எதுவும் தெரிவதில்லை. மூன்றாண்டு கழித்து, 2005இல், டைம் பத்திரிகை சிறந்த பத்துப் படப்பாடல் ஆல்பங்களில் ரோஜாவைச் சேர்த்தது. அதே பத்திரிகையின் சிறந்த நூறு படங்களில் நாயகன் இருந்தது. அதன் இசை பத்துக்குள் வரவில்லை. வெளிநாட்டில் மட்டும் பட்டியல் உறுதியாக நிற்கிறதா என்ன? ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பரை முதலில் வைத்தது. 2020இல் அந்த இடத்தில் மார்வின் கேயை உட்கார வைத்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டில் இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை.

பழவேற்காடு ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களை ‘பாடு’ முறையில் தலைக்கட்டுகளுக்குள் முறைவைத்துப் பங்கிடுவார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. பட்டியல்காரர்கள் பத்தாண்டுகளுக்கும் அப்படித்தான் முறை வைக்கிறார்கள். ஆனால் மீனவர்கள் அதை முறை என்றே சொல்வார்கள், தகுதி என்று சொல்ல மாட்டார்கள்.

எனவே என் அளவுகோல் எளியது: ஆல்பத்தின் மிகச் சாதாரணமான பாட்டு எப்படி இருக்கிறது? சிறந்த பாட்டை வைத்து அளந்தால் எல்லாக் காலமும் பொற்காலம்தான்.

இதற்கு முன்னால், ஆல்பம் என்பது நம்மிடம் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். அறுபதுகளில் அது இல்லை என்றே சொல்லலாம். 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஏறக்குறைய மூன்று நிமிடம். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஓரங்கட்டியது. கேட்கிறவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வானொலியில் பாட்டு தனித்தனியாகத்தான் வரும், ஒரு படத்தின் பாட்டுகள் வரிசையாக வராது. தூக்கிச் சுமக்கக் கூடப்பிறந்த பாட்டு எதுவும் பக்கத்தில் இல்லை, ஒவ்வொன்றும் தன் காலில் நின்றாக வேண்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் 1961 முதல் 1965 வரையிலான படங்களை இன்று ஆல்பமாகக் கேட்டால் அந்த நெருக்கடியின் பலன் தெரிகிறது. காதலிக்க நேரமில்லையில் எந்தப் பாட்டை எடுத்துவிடலாம்? ஒன்றையும் எடுக்க மனம் வராது. பாவ மன்னிப்பிலும் அப்படித்தான். புதிய பறவையில் மேற்கத்திய வாத்தியக்கூட்டம் முழங்கும். கர்ணனில் இந்துஸ்தானி ராகங்கள் அரசவைக்குள் வந்து உட்காரும். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே இரட்டையர். கர்ணனை 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது, அந்நாளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு திரையரங்குக்குப் போனார்கள். இந்தப் புகழ் எந்த நடுவரும் கொடுத்ததல்ல.

ஆரம்பாக்கத்திலிருந்து இதற்கு ஓர் எதிர்வாதம் வரும். கண்ணதாசனின் வரிகளைக் கழற்றிவிட்டால் கர்ணனில் பாதி போய்விடும் என்பார்கள், நியாயம்தான். எல்லைக்காரன் காது மெட்டை மொழியிலிருந்து பிரித்துப் பழகியது. மொழி மாறினாலும் பாட்டு நிற்கிறதா என்பதே அதன் சோதனை. அந்தச் சோதனையில் எண்பதுகள்தான் முதலில் வரும். இளையராஜாவை இரு கரையும் தன் ஆள் என்றே சொல்லும். அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த சாகர சங்கமம் (1983) தெலுங்குப் படம், நமக்கு அது சலங்கை ஒலி. கீதாஞ்சலியை (1989) நாம் இதயத்தைத் திருடாதே என்று கேட்டோம். வரி மாறியது, பாட்டு அசையவில்லை.

ஆனால் எண்பதுகளின் சிக்கல் தகுதியில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளில் நாற்பது படத்துக்கும் மேல் இசையமைத்த மனிதரை ஆல்பம் ஆல்பமாக உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம் இருந்தது? எக்கோ நிறுவனத்தின் இசைத்தட்டு வசதியுள்ளவர் வீட்டில் இருந்தது. மற்றவர்கள் வெற்றுக் கேசட்டும் துண்டுச் சீட்டில் எழுதிய பாட்டு வரிசையுமாகப் பதிவுக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இந்தப் படத்தில் ஒன்று, அந்தப் படத்தில் ஒன்று என்று அறுபது நிமிடத்தை நிரப்பித் தந்தார். ஆல்பத்தை உடைத்தது அந்தத் துண்டுச் சீட்டு. அதனால்தான் புகழ் சிந்து பைரவி, மௌன ராகம், நாயகன் என்று சில பெயர்களில் குவிந்துவிட்டது. அவை தகுதியானவை, மறுக்கவில்லை. ஆனால் ஜானி, நிழல்கள், மூடுபனி மூன்றும் 1980 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. அந்த ஒரு வரிசைக்கே தனிப் பெயர் கிடைத்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில்தான் ஆல்பம் என்ற பொருளே முழுதாக வந்தது. கம்பெனிக் கேசட், பிறகு சிடி. படம் வருவதற்கு முன்னாலேயே ஆல்பத்துக்கு விமர்சனம். ஏ.ஆர். ரஹ்மானின் ஒலித்தெளிவு காதுக்குப் புதிது. அந்தப் புதுமைக்கும் சேர்த்துத்தான் புகழ் கொடுத்தோம். முப்பது ஆண்டு கழித்து எல்லார் பாட்டும் அதே தெளிவோடு ஒலிக்கும்போது அந்தப் பங்கைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ரோஜாவும் பம்பாயும் கழித்த பிறகும் நிற்கின்றன. அக்காலத்தில் கடைவாசலில் கூட்டம் சேர்த்த காதலன் (1994) அவ்வளவு நிற்கவில்லை என்பது என் காது.

அதற்குப் பிந்தியதைத் தீர்ப்பிடக் காலம் போதாது. மின்னலே (2001), 7ஜி ரெயின்போ காலனி (2004), ஆடுகளம் (2011) மூன்றும் நிற்கும் என்று தோன்றுகிறது. இப்போது பாட்டை ஒவ்வொன்றாக வெளியிட்டுவிட்டுக் கடைசியில் மூட்டையாகக் கட்டி அதை ஆல்பம் என்கிறார்கள்.

பட்டியல் போடுகிறவர்கள் தொடாத ஒரு வகை உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது. கண்ணதாசனும் விஸ்வநாதனும் சேர்ந்து தந்த கிருஷ்ண கானம் இன்னொன்று. ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு வைக்காமல் எந்தக் குப்பத்தில் கூழ் ஊற்றுகிறார்கள்? ஒரு பாட்டைத் தாண்டி அடுத்ததற்கு ஓடாமல், வரிசை மாறாமல் முழுதாகக் கேட்கப்பட்ட ஆல்பங்கள் இவைதான். சுப்ரபாதத்துக்கு மொழிமாற்றமே தேவைப்படவில்லை. தடாவிலும் ஆரம்பாக்கத்திலும் விடிகாலையில் அதே தட்டு. சுப்ரபாதத்தையும் சேர்த்துக்கொண்டால் அறுபதுகளின் பக்கம் தட்டு இன்னும் தாழ்கிறது.

ஆக என் வரிசை அறுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள். தொண்ணூறுகளின் கட்சிக்காரர் யாராவது, வாத்தியத்தை ஒதுக்கிவிட்டுக் குரல்களை மட்டுமே அடுக்கி ஒரு பாட்டைக் கட்டிய திருடா திருடாவை (1993) எடுத்து வைத்து, ‘ஒலிப்புதுமை என்று எதைக் கழிப்பீர்கள்?’ என்று கேட்டால், அந்த ஓர் ஆல்பத்தை மட்டும் அறுபதுகளோடு ஒரே பலகையில் உட்கார வைக்கச் சம்மதிப்பேன்.