மூட்டைப் பார்த்துச் சொல்கிறேன்

பழைய ஆக்‌ஷன் ஃபிகர் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் விலையில் போய் நிற்கும். அட்டை பிரிக்காததா, முனை மடங்காததா, முதல் ஆண்டு அச்சா என்று விசாரிப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. பொம்மையைக் கையில் எடுத்ததும் மூட்டுகளைத்தான் பார்ப்பேன். தோள் எப்படிச் சுழல்கிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது, மடக்கிய இடத்திலேயே நிற்கிறதா, தொளதொளவென்று விழுகிறதா? செய்தவரின் கைத்திறன் முகத்தில் தெரியும். அவருடைய மூளை மூட்டில்தான் தெரியும். இந்தக் கண்ணோடு மூன்று அமெரிக்க வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கென்னரின் ஸ்டார் வார்ஸ், மேட்டலின் மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ், ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ.

இவற்றுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. 1964இல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த முதல் ஜி.ஐ. ஜோ ஏறக்குறைய ஓரடி உயரம், துணிச் சீருடை, 21 அசையும் பாகங்கள். வலது கைக் கட்டைவிரலின் நகம் உட்பக்கத்தில் இருக்கும்; போலிகளை அடையாளம் காண அது உதவியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை ஏறியதும் ஓரடி வீரர்களின் காலம் ஆட்டம் கண்டது. ஜப்பானில் தகாரா நிறுவனம் 1974இல் மைக்ரோமேன் என்ற உள்ளங்கை அளவு வரிசையைத் தொடங்கியது. மெகோ நிறுவனம் அதையே மைக்ரோநாட்ஸ் என்று 1976இல் அமெரிக்காவில் விற்றது. மூன்றே முக்கால் அங்குலம் என்ற அளவு ஸ்டார் வார்ஸுக்கு முன்பே வந்துவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதே மெகோவும் மேட்டலும் ஸ்டார் வார்ஸ் உரிமையை வேண்டாமென்று விட்டுவிட, சின்சினாட்டியில் இருந்த கென்னர் வாங்கியது. 1977 கோடையில் படம் ஓடு ஓடென்று ஓடியபோது கையில் ஒரு பொம்மைகூடத் தயாராக இல்லை. கிறிஸ்துமஸுக்கு வெறும் அட்டைப் பெட்டியையும் ஒரு சான்றிதழையும் விற்றார்கள்; அதை அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். விண்கலங்களும் கூடவே விற்க வேண்டும் என்பதால் சிறிய அளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஓரடி ஹான் சோலோவுக்கு ஏற்ற மில்லேனியம் ஃபால்கனை எந்த வீட்டில் நிறுத்துவது?

கென்னர் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்தே மூட்டுகள்: கழுத்து ஒன்று, தோள் இரண்டு, இடுப்பு இரண்டு. முட்டி மடங்காததால் விமானி இருக்கையில் உட்கார வைத்தால் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும். என் கணக்கில் இது பெரிய குறைதான். ஆனால் அந்தச் செதுக்கலை மறுக்க முடியாது. தூரத்தில் நிழலாக நிறுத்தினாலும் டார்த் வேடர் யார், ஜாவா யார் என்று தெரியும். ஆர்டூ-டீடூவின் தலையைத் திருகினால் கிளிக் கிளிக் என்று ஓசை வரும். சீ-த்ரீபீஓவுக்குத் தங்கப் பளபளப்பு. லூக்கின் கைக்குள்ளிருந்து ஒளிவாள் நீண்டு வரும். அசைவில் விட்டதை உருவத்தில் பிடித்தார்கள்.

ஸ்டார் வார்ஸைக் கோட்டைவிட்ட மேட்டல் 1982இல் மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸின் நாயகன் ஹீ-மேனோடு வந்தது. மார்க் டெய்லரின் ஓவியங்களும் ரோஜர் ஸ்வீட்டின் மாதிரி உருவங்களும் சேர்ந்து பிறந்த வரிசை இது. ஐந்தரை அங்குலம், அகன்ற தோளும் திரண்ட தொடையும் கொண்ட கட்டுமஸ்தான உடம்பு. இடுப்பைத் திருகி விட்டால் உள்ளிருக்கும் ஸ்ப்ரிங் சுண்டி, கை வீசிக் குத்தும். ஹீ-மேனிடம் பாதி வாள், அவன் எதிரி ஸ்கெலிட்டாரிடம் பாதி வாள். இரண்டையும் ஒட்டினால்தான் முழு வாள். இரண்டு பொம்மைகளையும் வாங்க வைக்கும் வியாபாரம்தான், ஆனால் அதற்குள் ஒரு முழுக் கதையே இருக்கிறது. எனக்கு இதைவிடவும் பிடித்தது அவர்களுடைய சிக்கனம். பேட்டில் கேட் என்ற பச்சைப் புலி, மேட்டலின் முந்தைய பிக் ஜிம் வரிசையில் இருந்த பழைய புலியின் அச்சில் வார்த்தது. பீஸ்ட் மேன் உடம்பின் மேல் பச்சைத் தூவலை ஒட்டி, பைன் மர வாசனை ஏற்றி மாஸ் மேன் என்றார்கள். முகர்ந்து பார்க்க ஒரு பொம்மை! மூட்டில்தான் மதிப்பெண் குறைகிறது. கால்களைப் பிடித்திருக்கும் ரப்பர் வயதானதும் தளர்ந்துபோய், இன்று கிடைக்கும் ஹீ-மேன்களில் பல நிற்கவே தடுமாறுகின்றன.

அதே 1982இல் ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குலமாகத் திரும்பி வந்தது. முழங்கை மடங்கும், முட்டி மடங்கும், இடுப்பு சாயும். 1983இல் முழங்கைக்கு மேலே இன்னொரு சுழற்சியைச் சேர்த்தார்கள். அந்த ஒரு மாற்றத்தால் துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது. பின்னால் இருக்கும் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். மார்பு இரண்டு ஓடுகளாகப் பிரியும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியில் தொடங்கி, இடுப்புத் துண்டின் துளை வழியாக ஏறி, நெஞ்சிலுள்ள ஸ்க்ரூ தூணைச் சுற்றி இழுத்துக்கொண்டு நிற்கும். தலை, கை, மார்பு, இடுப்பு, கால் எல்லாமே அந்த ஒரு வளையத்தின் இழுவையிலும் அந்த ஒரு ஸ்க்ரூவின் பிடியிலும் அடங்கியிருக்கின்றன. இவ்வளவு சின்ன உடம்புக்கு இதைவிட எளிய, இதைவிடப் புத்திசாலித்தனமான கட்டுமானத்தை நான் பார்த்ததில்லை.

அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு வீரருக்கும் பெயர், ஊர், பயிற்சி, குணம் எல்லாம் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. வண்ணச் செலவை மிச்சப்படுத்த முழுக் கறுப்பு பிளாஸ்டிக்கிலேயே விட்ட ஸ்னேக் ஐஸ்தான் பிற்பாடு எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆனார்.

நமக்கும் இந்த வரிசையில் பங்குண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் உரிமம் பெற்று இந்தியாவில் ஜி.ஐ. ஜோக்களைத் தயாரித்தது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறங்கள் இதில் உண்டு என்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: உருவ அழகுக்குக் கென்னர், துணிச்சலுக்கு ஹீ-மேன், பொம்மைத் தொழிலின் உச்சத்துக்கு 1983இன் ஜி.ஐ. ஜோ. உங்கள் பரணில் ஒன்று கிடந்தால், ஆசையில் உடனே இடுப்பைத் திருகிவிடாதீர்கள். ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். பட்டென்று அறுந்தால் வீரர் இரண்டு துண்டு. முதலில் ஸ்க்ரூவைக் கழற்றி வளையத்தை மாற்றுங்கள். துப்பாக்கியைக் கைக்குள் திணிக்காதீர்கள், கட்டைவிரல் ஒடியும். பிறகு தாராளமாக விளையாடக் கொடுங்கள். இது கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல.