‘மௌன வசந்தம்’ சொல்லாமல் விட்டது

ஆற்றில் கொட்டியது ஆற்றோடு போய்விடும் என்று எண்ணுபவரா நீங்கள்? அப்படியானால் ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-இல் எழுதிய ‘சைலன்ட் ஸ்பிரிங்’, அதாவது ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை அவசியம் படியுங்கள். அதன் சிறப்பையும் குறையையும் இங்கே காண்போம்.

நூலின் சிறந்த பகுதி, கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியின் கதை. கடிக்காத, ஆனால் தொல்லை தரும் சிறு பூச்சிகளை ஒழிக்க, அங்கே 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி. வகைப் பூச்சிமருந்தைக் கலந்தார்கள். அதிகபட்சமாக 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்துதான். ஆயினும் ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் மடிந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது. நீரில் கலந்த அளவைப் போல் இது 80,000 மடங்கு!

காரணம் என்ன? இம்மருந்து நீரில் அநேகமாகக் கரைவதில்லை, கொழுப்பில் நன்றாகக் கரைகிறது, எளிதில் சிதைவதுமில்லை. மிதவை உயிரிகளைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. மீனைப் பறவை தின்கிறது. உணவு எரிந்து ஆற்றலாகிறது. நஞ்சோ உடலிலேயே தங்கிச் சேர்கிறது. இதை ஆசிரியை பாமரருக்கும் புரியும்படி விளக்கியிருக்கிறார்.

குறை எங்கே? அலாஸ்காவின் எஸ்கிமோக்கள் சிலரது கொழுப்பில் சிறிதளவு டி.டி.டி. காணப்பட்டதை அவர் குறிப்பிடுகிறார். நகர மருத்துவமனையில் உண்ட உணவே காரணம் என்று முடித்துவிடுகிறார். அவர்களைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் காற்று வழியை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இத்தகைய பொருள்கள் வெப்ப நாடுகளில் மெல்ல ஆவியாகின்றன. காற்றோடு சென்று குளிர்ந்த இடத்தில் படிகின்றன. வாலையில் நீர் வடிவது போன்றதே இது. 1980-களில் வடக்குக் கியூபெக்கில் வாழும் இனுயிட் தாய்மார்களின் பாலில், மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் பொருள், தெற்கே வாழும் தாய்மார்களைவிடப் பல மடங்கு இருந்தது. அம்மக்கள் அதை உற்பத்தி செய்தவர்களல்லர். சீல், திமிங்கிலம் ஆகியவற்றின் கொழுப்பை உண்டவர்கள்!

பூச்சிமருந்தே கூடாது என்றார் கார்சன் எனச் சிலர் பழிப்பது தவறு. கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் அவர் கண்டித்தார். டி.டி.டி.யைக் கட்டுப்படுத்திய 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும், மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் அதற்கு இடமளித்தது.

புதிய இரசாயனம் எதைக் கண்டாலும், ‘எதில் கரையும்? எத்தனை காலம் நிலைக்கும்?’ என்று கேட்க இந்நூல் நமக்குக் கற்பிக்கிறது. ‘ஆவியாகி எங்கே போய்ப் படியும்?’ என்ற கேள்வியையும் நாம் சேர்த்துக்கொள்வோம்.