இரண்டு அங்குலம்

உயர்த்திய வண்டியை நின்றபடி பார்த்து மெச்சுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நின்று பார்த்தால் தெரிவது உயரம் மட்டும்தான். காசு கொடுத்தால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். கைவேலை கீழே இருக்கிறது. முன் பம்பருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அச்சைப் பிடித்திருக்கும் கைகள், பிரேக் ஹோஸ் போகும் வழி, அச்சு மேலேறி இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப்பின் நீளம் இவற்றைப் பார்க்க வேண்டும். செய்தவர் யோசித்துச் செய்தாரா, பெட்டியில் வந்ததை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனாரா என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த வேலையை ரசிக்க என் கணக்கில் டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80ஐவிடப் பொருத்தமான வண்டி இல்லை. பெரும்பாலான நாடுகளில் 1990 முதல் 1997 வரை விற்றது. அதற்கு முந்தைய 60இல் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். 80இல் சுருள் ஸ்பிரிங் வந்தது, ஆனால் முன்னும் பின்னும் குறுக்கே ஓடும் முழு அச்சு அப்படியே இருந்தது. அடுத்து வந்த 100இல் பெரும்பாலானவற்றுக்கு முன் அச்சு போய், சக்கரங்கள் தனித்தனியாக ஆடத் தொடங்கின. ஆக, சுருள் ஸ்பிரிங்கின் இதமும் முழு அச்சின் முரட்டுத்தனமும் சேர்ந்திருந்த காலம் குறுகியது. முழு அச்சில் ஒரு சக்கரம் ஏறினால் மறு சக்கரம் தானாக இறங்கித் தரையைத் தேடும். பாறையிலும் பள்ளத்திலும் போகிறவனுக்கு அது பெரிய வரம்.

இந்த வண்டியை உயர்த்தும் வேலை ஆஸ்திரேலியாவில்தான் முதிர்ந்தது. அங்கே லேண்ட் க்ரூசர் வந்த கதையே மலையில் தொடங்குகிறது. 1949இல் ஆரம்பித்த ஸ்னோவி மலை நீர்மின் திட்டத்தில் ஒப்பந்தம் எடுத்த லெஸ் தீஸ், 1950களின் பிற்பாதியில் இவற்றை ஜப்பானிலிருந்து இறக்கினார். பிறகு பண்ணைக்காரர், சுரங்கக்காரர், பாலைவனம் கடக்கும் குடும்பங்கள் என்று கைமாறின. 1975இல் மெல்பர்னில் டோனி பிரவுன் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் முதலில் அறியப்பட்டது முன் தடுப்புக் கம்பிக்காக. இன்று அவர்களுடைய ‘ஓல்ட் மேன் ஈமு’ ஸ்பிரிங் பெயர் தெரியாத 80 உரிமையாளர் அரிது.

எதற்கு உயர்த்துகிறோம் என்ற இடத்திலேயே பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் கல்லில் முதலில் இடிப்பது, அதை ஒரு மில்லிமீட்டர்கூட எந்த ஸ்பிரிங்காலும் தூக்க முடியாது. அதைத் தூக்குவது டயர் ஒன்றுதான். 80இல் பரவலாக வந்த 275/70 ஆர்16 டயரின் குறுக்களவு 791 மி.மீ. அதற்குப் பதில் 285/75 ஆர்16 போட்டால் 834. கூடிய 43இல் பாதி மட்டுமே அச்சுக்குக் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய 21 மி.மீ. 35 அங்குலம் என்று வழக்கில் சொல்லும் 315/75 ஆர்16 போட்டால் குறுக்களவு 879, அச்சு 44 மி.மீ. உயரும். இவ்வளவு பெரிய டயர் வளைவிலும் பள்ளத்திலும் உடலில் உரசாமல் இருக்கத்தான் ஸ்பிரிங் உயர்கிறது. டயருக்கு இடம்விடுவதுதான் அதன் முதல் வேலை. கூடவே முன்மூக்கும் வயிறும் மேட்டில் இடிக்காமல் தப்பிக்கும், அது உபரி லாபம். பழைய டயரிலேயே நின்றுகொண்டு நெடுநெடுவென்று உயர்ந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், இது யாருக்காக என்று கேட்கத் தோன்றும்.

ஸ்பிரிங் தேர்வில் உயரத்தைவிட எடைதான் முக்கியம். முன்னால் இரும்புத் தடுப்பும் வின்ச்சும் ஏறினால் நூறு கிலோவை எட்டிவிடும். பின்னால் இரண்டாவது டீசல் தொட்டி, தண்ணீர், இழுப்பறைப் பெட்டிகள். இத்தனையும் எப்போதும் சுமக்கும் வண்டிக்கு ஒரு ஸ்பிரிங், வாரக் கடைசியில் மட்டும் சுமக்கும் வண்டிக்கு வேறொன்று. கனமான ஸ்பிரிங்கை வெற்று வண்டியில் போட்டால் இரண்டு அங்குலம் என்று விற்றது மூன்றாக நிற்கும், சாலையின் ஒவ்வொரு ஒட்டுக்கும் முதுகு கணக்குச் சொல்லும். ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்ப ஷாக் அப்சார்பரும் மாற வேண்டும். ஸ்பிரிங் எழுப்பும் அதிர்வை அடக்குவது அதுதான். அடக்கத் தெரியாத ஷாக்கோடு உயர்ந்த ஸ்பிரிங் சேர்ந்தால் வண்டி நெடுஞ்சாலையில் தொட்டில் ஆடும்.

இனி வேலையின் உச்சிக்கு வருகிறேன். முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு நேர் செங்குத்தாக இருப்பதில்லை. மேல்முனை கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வைத்தான் பட்டறையில் கேஸ்டர் என்கிறார்கள். திருப்பத்தில் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேருக்கு வருவது இதன் தயவு. 80இல் இது சுமார் 3 டிகிரி. முன் அச்சைப் பிடித்திருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கனத்த இரும்புக் கைகள். ஒவ்வொன்றின் பின்முனையும் சேஸிஸில், முன்முனை இரண்டு ரப்பர் புஷ் வழியாக அச்சில். சேஸிஸ் மேலே போனால் கையின் பின்முனையும் மேலே போகும். கை சாய்ந்தால் அதோடு இறுகப் பிணைந்த அச்சும் உருளும். உருண்டால் கேஸ்டர் குறையும். இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டவரின் வண்டியை ஓட்டிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது நேராகப் போக மறுத்து அலைபாயும். நீங்கள் ஸ்டியரிங்கை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

சரிசெய்ய வழிகள் பல. துளை மையத்தில் இல்லாமல் ஓரமாக விலகிய புஷ் போடலாம், சேஸிஸில் கையின் பிடிப்பைத் தாழ்த்தும் பிராக்கெட் போடலாம், வேறு வடிவில் வார்த்த கையையே மாற்றலாம். எல்லாமே அச்சைப் பழையபடி பின்னோக்கி உருட்டும் வழிகள்தான். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் பினியனும் அதே அச்சின் உடலில்தான் இருக்கிறது. கேஸ்டருக்காக அச்சை உருட்டினால் பினியனின் மூக்கு கீழே இறங்கும், அங்கே வந்து சேரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கூடுதலாக மடியும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் 80களில் அந்த முன் ஷாஃப்ட் ஓயாமல் சுழல்கிறது. எனவே நேராக ஓடத் தொடங்கிய வண்டி இப்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அடிவயிற்றில் உறுமலாம். ஸ்டியரிங்குக்குக் கொடுத்தால் ஷாஃப்ட் கேட்கிறது, ஷாஃப்டுக்குக் கொடுத்தால் ஸ்டியரிங் கேட்கிறது.

இந்த இழுபறியை ஒருவர் எப்படித் தீர்க்கிறார் என்பதில்தான் அவருடைய ரசனை தெரிகிறது. இரண்டு அங்குலத்தோடு நிற்பவர் ஒரு திருத்தப் புஷ்ஷோடு நிம்மதியாகத் தப்பிக்கலாம். மேலே போகிறவர் ஒரு முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட் போடுவார். இன்னும் பிடிவாதக்காரர் அச்சுக்குழாயின் நுனியில் இருக்கும் பந்துமுனையின் வெல்டை அறுத்து, வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, மறுபடி பற்றவைப்பார். கேஸ்டரும் பினியனும் அப்போதுதான் ஒன்றையொன்று விடுகின்றன. அப்படிச் செய்த அச்சின் வெல்ட் வரிசையைப் பார்ப்பது எனக்கு ஒரு சுகம். எல்லாருக்கும் அது தேவையா என்றால், இல்லவே இல்லை.

சிறியவை இன்னும் இருக்கின்றன. பக்கவாட்டில் அச்சைப் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பி சேஸிஸ் உயரும்போது அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் இழுத்துவிடும். நீளத்தை மாற்றக்கூடிய கம்பி போட்டால் அச்சு நடுவுக்குத் திரும்பும். யாரும் பேசாத ஒன்று பின்பக்கம் ஒளிந்திருக்கிறது. 80இன் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை ஒரு வால்வு முடிவு செய்கிறது. உடலுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை ஒரு கம்பி வழியாக அளந்து, சுமை இருக்கிறதா இல்லையா என்று அது ஊகிக்கும். வண்டியை உயர்த்தியதும் இடைவெளி கூடுகிறது. பாவம் வால்வு, வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியின் பிடிப்பைச் சரியான உயரத்துக்கு நகர்த்தியிருக்கிறாரா என்று பாருங்கள். நகர்த்தியிருந்தால் அந்த ஆளிடம் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை விடலாம்.

நல்ல பட்டறையில் வேலை நடப்பதைப் பார்ப்பதும் தனி ரசனை. ஆரம்பத்திலேயே அளப்பார்கள். தரையிலிருந்து அளந்தால் டயரும் காற்றும் கணக்கைக் குழப்பும் என்பதால், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை. ஸ்பிரிங்கை மாட்டும் முன், ஸ்பிரிங்கே இல்லாமல் ஷாக்கையும் புது டயரையும் மட்டும் போட்டு, ஒரு பக்கத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி, மறு பக்கத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்ப்பார்கள். டயர் எங்கே உரசுகிறது, ஹோஸ் எங்கே விறைக்கிறது, ஷாக் முழுவதும் அமுங்கும் முன் பம்ப் ஸ்டாப் தாங்குகிறதா எல்லாம் காட்டில் தெரியவருவதற்கு முன் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு இறுக்கம். கைகளின் புஷ் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. இறுக்கினால் வண்டி இறங்கி நின்றதும் ரப்பர், பிழிந்த துணி மாதிரி முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளும், சீக்கிரமே கிழியும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, நான்கு சக்கரத்தையும் தரையில் இறக்கி, வண்டியைக் குலுக்கி உட்காரவிட்டு, அதன் பிறகே கடைசிச் சுற்று.

பெரிய டயருக்குத் தனி வரி உண்டு. 35 அங்குலம் போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 111இல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சினுக்கோ, 4.10 ஆக இருந்த கடைசிப் பல்விகிதம் ஏறக்குறைய 3.7 ஆகிவிட்டதுபோல் இருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆகவே கிரவுன், பினியனை மாற்றி 4.88 போடுகிறார்கள். டயரைக் கழித்துப் பார்த்தால் அது 4.39க்குச் சமம். பழையதைவிடச் சற்றே குறுகிய கியர், கூடிய எடைக்கும் அதுவே ஈடு. 285இல் நிறுத்துகிறவருக்கு இந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. ஸ்பீடோமீட்டர் பிழை ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான்.

பெரிய டயரின் உண்மையான அழகு காற்றை இறக்கும்போதுதான் தெரியும். குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே சிம்ப்சன் பாலைவனத்தின் விளிம்பில் ‘பிக் ரெட்’ என்ற மணல்மேடு, சுமார் 40 மீட்டர் உயரம். அங்கே தார்ச்சாலையின் 35, 40 பி.எஸ்.ஐ. காற்றோடு முட்டுகிறவர் மணலைத் தோண்டிக்கொண்டு நிற்பார். 15ஐ ஒட்டி இறக்கியவர் மெல்ல ஏறிப் போய்விடுவார். காற்று இறங்கினால் டயர் அகலமாவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். தரையில் படியும் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. பக்கச்சுவர் உயரமான டயருக்கு அப்படிப் படிய இடம் அதிகம். பெரிய ரிம்மில் ரிப்பன் போல ஒட்டிய டயரைப் பாலைவனத்துக்கு எடுத்துப் போகிறவரைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

இதே வேலைக்கு ஐஸ்லாந்துக்காரர்களிடம் வேறு ஒரு ருசி. பனியாற்றில் மிதந்துபோக அவர்களுக்கு 38, 44 அங்குல டயர் வேண்டும், காற்றோ 2, 3 பி.எஸ்.ஐ. வரை இறங்கும். அவ்வளவு பெரிய டயருக்கு அமெரிக்க வழக்கப்படி உடலை வானத்துக்கு ஏற்றாமல், மட்கார்டை அறுத்து, சக்கரக் குழியைப் பெரிதாக்கி, தேவைப்பட்டால் அச்சையே முன்னும் பின்னும் நகர்த்தி இடம் செய்கிறார்கள். உயர்த்துவது குறைவு, அறுப்பது அதிகம். எடையின் மையம் தாழ்ந்தே இருப்பதால் சரிவில் கவிழும் பயம் குறையும். 1990இல் அங்கே டொயோட்டா இறக்குமதியாளரின் ஒரு பிரிவாகப் பிறந்த ஆர்க்டிக் டிரக்ஸின் வண்டிகளைப் பக்கவாட்டில் பார்த்தால் இது புரியும். முழுக்கச் சக்கரமாகத் தெரியும், ஆனால் உடல் பொய்க்காலில் ஏறி நிற்பதில்லை. தைரியம் வேண்டிய பள்ளி இது. அறுத்த தகடு திரும்ப வராது.

உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டைகளை வைத்து ஏற்றுவதும், பழைய ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையத்தைத் திணிப்பதும் எனக்கு ஒவ்வாதவை. முதலாவது சஸ்பென்ஷனைத் தொடுவதே இல்லை. இரண்டாவது உயரத்தைத் தருகிறது, ஆனால் எடை சுமக்கும் பலத்தைத் தருவதில்லை. சட்டமும் குறுக்கே நிற்கும். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் உயரத்துக்கு வரம்பு வேறு, தாண்டினால் பொறியாளர் சான்று வேண்டும். நம் இந்தியாவில் வாசல் இன்னும் குறுகல். தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கியது. ஏற்றிய வண்டியை இங்கே சாலையில் இறக்கும் ஆசை உள்ளவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

என்னைக் கேட்டால் 80க்கு 50 மி.மீ., 285/75, எடைக்குத் தகுந்த ஸ்பிரிங், கேஸ்டர் திருத்தம், பின் பிரேக் வால்வின் கம்பி நகர்த்தல், ஹெட்லைட்டின் ஒளியைக் கீழே இறக்கல். இதற்கு மேல் போகிற வண்டிகளைப் பார்த்து வியப்பேன், சாவியை நீட்டினால் ஒரு சுற்று ஓட்டியும் பார்ப்பேன், ஆனால் ஆசைப்பட மாட்டேன். முடித்த கையோடு அலைன்மென்ட் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதும் சரியல்ல. புது ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் சில மில்லிமீட்டர் அமர்ந்துவிடும். அப்போது வண்டியை மறுபடி பட்டறைக்குக் கொண்டுவந்து, போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்து, மையத்திலிருந்து விளிம்பு வரை நான்கு மூலையையும் மீண்டும் அளந்து, கேஸ்டரை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் எழுதிவைத்த எண்களைத் தேடாமல் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மெக்கானிக் கிடைத்தால், கூலியில் பேரம் பேசாதீர்கள்.