வன்னிக் காடும் பதிவின் வர்க்கச் சார்பும்

ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலை நடுநிலையான பதிவாகக் கொள்வோர் உளர். அக்கருத்து ஏற்புடையதன்று. 1840ஆம் ஆண்டுச் சட்டம் காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியனவாக அநுமானித்தது. அவ்வாட்சியின் நிருவாகத் தேவையே நூலின் நோக்கெல்லையை வகுத்தது.

1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்புக் காட்டை அங்கு உழைத்து வாழ்வோரின் பக்கமிருந்து காட்டுகிறது. ஆயினும் நாவல் மரங்களை அளப்பதில்லை. சிங்கராசாவில் 1993இல் தொடங்கிய 25 ஹெக்டேயர் ஆய்வைப் போன்ற தொடரளவீடு வன்னிக்கும் வேண்டும்.

அளவீடு மட்டும் போதாது. கைவிடப்பட்ட சேனையில் மீள வளர்ந்த காடு பழங்காடெனத் தோன்றக்கூடும். அதனை வெட்டியவர் எவர், விட்டகன்றது ஏன் என்பன, 2009 வரை நீடித்த போரினாற் சிதறிய மக்களின் நினைவில் உள்ளன. அந்நினைவைத் தரவாக ஏற்காத ஆய்வு லூயிஸின் எல்லையைத் தாண்டாது.