படிப்போன் பெற்ற உரிமை

நூலுக்கு ஆசிரியன் இன்றியமையாதவன் என்பதை மறுப்பார் இலர். அந்நூலின் பொருளில் படிப்போனுக்கும் பங்கு உண்டா? இவ்வினாவிற்கு ஐரோப்பிய இலக்கிய உலகம் தந்த விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது.

துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பும் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அவர் கருத்தில், காண்போன் கலையின் பயனை நுகர்பவன். அதன் ஆக்கத்தில் பங்கு கொள்பவன் அல்லன். 15ஆம் நூற்றாண்டில் அச்சுக்கலை பரவியது, நூல்கள் பெருகின. 1605இல் ஸ்பெயின் நாட்டுச் செர்வாண்டிஸ் எழுதிய 'டான் குவிக்சாட்' புதினத்தின் தலைவன், வீரக்கதைகளை ஓயாது படித்து அறிவு திரிந்தவன். படிப்போனே கதைப்பொருள் ஆயினான்!

ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்டெர்ன் மேலும் ஒருபடி சென்றார். 1759 முதல் 1767 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'டிரிஸ்டிராம் ஷாண்டி'யில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, வாட்மன் என்னும் கைம்பெண்ணின் உருவைப் படிப்போரே வரைந்துகொள்ளுமாறு பணித்தார். விளையாட்டாகத் தோன்றும் இச்செயலில் பிற்காலக் கொள்கையொன்றின் வித்து இருந்தது.

அவ்வித்து 20ஆம் நூற்றாண்டில் முளைத்தது. 1967இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த், படிப்போன் பிறக்க ஆசிரியன் மறைய வேண்டும் என்று வாதிட்டார். நூலில் உள்ள இடைவெளிகளைப் படிப்போன் நிரப்பும்போதே பொருள் உருவாகிறது என 1976இல் விளக்கினார் ஜெர்மானிய அறிஞர் வுல்ப்காங் ஈசர்.

அவ்வாறாயின், அவரவர் கொண்டதே பொருளாகுமா? ஆகாது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், இயற்றியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்க்குத் தந்து, அவர்தம் கருத்துகளை எழுதி வாங்கினார். 13 கவிதைகளுக்கு எழுந்த அக்கருத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். பலர் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டனர். சிலர் தம் சொந்த நினைவுகளைக் கவிதையின்மேல் ஏற்றினர். பயிற்சியில்லா உரிமை எங்குக் கொண்டு செல்லும் என்பதற்கு இஃதொரு சான்று.

ஸ்டெர்னின் வெற்றுப் பக்கத்தையே மீண்டும் நோக்குக. பக்கம் வெறுமையே, ஆயினும் அதன் முன்னும் பின்னும் கதை இருக்கிறது. அங்கே எம்முகத்தையும் வரையலாம். மரத்தை வரைதல் கூடுமோ? படிப்போனின் உரிமைக்கு நூலே எல்லை. கவிதை கற்பிப்போர் பொருளைத் தாமே ஊட்டிவிடுதலும் முறையன்று. மாணவர் கூறும் எதனையும் ஏற்றலும் முறையன்று. "இப்பொருளுக்குச் சான்றான சொல் எங்கே உள்ளது?" என வினவுதலே சாலச் சிறந்தது.