இடிபாடுகள் காட்டாதவை: கோலார் தங்கவயலும் அதைப் பற்றிய எழுத்தும் திரையும்

கைவிடப்பட்ட ஆலைகளையும் பொதுக் கட்டடங்களையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு எழுதும் போக்கு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இப்போக்கில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இன்று நிற்பதே அன்று இருந்தது என்னும் மயக்கத்தை இடிபாடு எளிதில் உண்டாக்கிவிடுகிறது. கோலார் தங்கவயல் குறித்த பதிவுகளில் இம்மயக்கம் மிகுதியும் காணப்படுகிறது.

1880களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் வளரத் தொடங்கிய இச்சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இன்று சுரங்கவாய்களின் மேல் துருவேறிய இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆங்கில அதிகாரிகளின் பங்களாக்களும் மன்றமும் எஞ்சியுள்ளன. பயணக் குறிப்புகள் இவற்றைக் கண்டு ‘சின்ன இங்கிலாந்து’ என வியந்து நின்றுவிடுகின்றன.

வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர், அவருள்ளும் பெரும்பான்மையினரான ஆதிதிராவிடர், வாழ்ந்தவை ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகள். தொடக்கத்தில் அவை மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளே. கல்லும் சுண்ணாம்பும் நின்றன; தட்டி நிற்கவில்லை. ஆகவே இடிபாட்டை மட்டும் வாசிப்பவர், தம்மை அறியாமலே, நிர்வாகத்தின் வரலாற்றையே வாசிக்கிறார்.

திரைப்படங்களும் இக்குறையை நிரப்பவில்லை. 2018இல் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ 1951இல் தொடங்கும் கற்பனைச் சுரங்கம் ஒன்றில் தொழிலாளரை வாய்பேசா அடிமைகளாக நிறுத்துகிறது. கற்பனைக்கு உரிமை உண்டு என்பது சரியே. ஆயினும் படம் சூடிக்கொண்ட பெயர் உண்மையான ஊருடையது. அவ்வூர்த் தொழிலாளர் 1930இலேயே கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். 2024இல் வந்த ‘தங்கலான்’ உழைப்பவரை நடுவில் வைத்ததால் மேம்பட்டு நிற்கிறது. எனினும் அதன் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இயந்திரச் சுரங்கம் வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. ஒன்று தொழிலாளரின் குரலை நீக்க, மற்றொன்று அக்குரல் தொழிற்சங்கமாகத் திரண்ட காலத்துக்கு முன்பே நின்றுவிட, இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகள் திரைக்கு வெளியே கிடக்கின்றன.

ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ (1998) என்னும் நூல் இவ்விடைவெளியை ஆவணங்களின் துணையுடன் எழுதியது. தமிழாய்வுக்கோ அதனினும் அணுக்கமான சான்று ஒன்று உண்டு. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இயங்கின. அயோத்திதாசர் 1914இல் மறைந்த பின்னர், ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். தட்டிக் குடிசையில் வாழ்ந்தோர் கட்டடத்தை விட்டுச்செல்லவில்லை; அச்சுத்தாளை விட்டுச்சென்றுள்ளனர். தங்கவயலின் கட்டட வரலாற்றை எழுதுவோர் இவ்விதழ்களைப் புரட்டுவதில்லை. இதழ்களை ஆய்வோர் அவை புழங்கிய லைன்களின் வரைபடத்தைத் தேடுவதில்லை. இரு துறைகளும் ஒரே ஊரில் ஒன்றையொன்று காணாமல் கடந்துபோகின்றன.

நிலத்தடியில் இருந்தவையும் கணக்கில் வரவேண்டும். 1965இல் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் இங்கேதான் கண்டறியப்பட்டன. இன்று சுரங்கங்களில் நீர் நிறைந்துவிட்டது. எந்த ஒளிப்படக்காரரும் அங்கு இறங்க இயலாது.

‘கைவிடப்பட்ட’, ‘பேய் நகரம்’ என்னும் சொற்களும் ஆய்வுக்கு உரியவை. 2011 கணக்கெடுப்பில் இந்நகரில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். கைவிடப்பட்டது தொழிலே; ஊர் அன்று. சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் எழும் தூசு படிவது, முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் வாழும் லைன் வீடுகளின் மீது. அவ்வீடுகளுக்கு உரிமை கேட்டு அவர்கள் தொடர்ந்து போராடிவருகின்றனர். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் இரயில்களில் அவர்களின் பிள்ளைகள் வேலைக்குச் செல்கின்றனர்.