தோற்றவர்களுக்கு எத்தனை பக்கம்?

ஜப்பானிய விளையாட்டு மாங்காவில் ஜெயிப்பவனை வரைவது பெரிய வித்தை இல்லை. தோற்றவனை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஆசிரியரின் தரம் தெரிகிறது. அந்தக் கணக்கில் என் ஓட்டு ஹருயிச்சி ஃபுருடாட்டேயின் வாலிபால் தொடரான ‘ஹைக்யூ’வுக்கு.

ஆரம்பத்தில் இந்த வகையில் விளையாட்டு என்றாலே தவம், வதை. 1966இல் இக்கி காஜிவாரா எழுத, நொபொரு கவாசாகி வரைந்த ‘கியோஜின் நோ ஹோஷி’யில், மகனை பேஸ்பால் வீரனாக்க அவன் உடம்பில் ஸ்பிரிங் பூட்டுகிறார் அப்பா. (2012இல் அந்தக் கதை ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்ற கிரிக்கெட் கார்ட்டூனாக இந்தியத் தொலைக்காட்சிக்கு வந்தது.) அதே காஜிவாரா டெட்சுயா சிபாவுடன் செய்த குத்துச்சண்டைக் கதை ‘அஷிதா நோ ஜோ’. அதில் ஜோவை வீழ்த்திய ரிக்கிஇஷி, வென்ற கையோடு செத்துப்போகிறான். 1970 மார்ச்சில் நாடகக்காரர் ஷுஜி தெராயாமா முன்நின்று அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு நிஜமாகவே இறுதிச்சடங்கு நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். 1981இல் தொடங்கிய மிட்சுரு அடாச்சியின் பேஸ்பால் தொடர் ‘டச்’ இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டு வந்த கால்பந்துத் தொடர் ‘கேப்டன் சுபாசா’வில் மைதானம் முடிவதே இல்லை, சிறுவர்களுக்கு அதுவே பிடித்திருந்தது.

திருப்பம், தகேஹிகோ இனோவேயின் கூடைப்பந்துத் தொடர் ‘ஸ்லாம் டங்க்’ (1990–1996). தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் நாயகனின் ஷோஹோக்கு அணி, அசைக்க முடியாத சன்னோவை வீழ்த்துகிறது. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பக்கங்களில் பேச்சே கிடையாது. அடுத்த சுற்றில் அதே ஷோஹோக்கு படுதோல்வி அடைந்ததை இனோவே போகிறபோக்கில் சொல்லி முடித்துவிடுகிறார். கோப்பைக்காகக் காத்திருந்த வாசகனுக்கு இது துரோகம் மாதிரித்தான் இருக்கும். அதைவிட நேர்மையான முடிவு அந்தக் கதைக்கு இல்லை என்பது என் கட்சி.

ஃபுருடாட்டே இதை ஒரு முழுத் தொடரின் கொள்கையாகவே ஆக்கினார். 2012 முதல் 2020 வரை ஷோனென் ஜம்ப் இதழில் 402 அத்தியாயங்கள். 163 சென்டிமீட்டர்கூட இல்லாத நாயகன் ஹினாட்டா கண்ணை மூடிக்கொண்டு கையை வீசுவான். செட்டர் காகேயாமா பந்தை அந்தக் கைக்கே கொண்டுவந்து சேர்ப்பான். பார்க்க ஜோர். ஆனால் நான் இந்தத் தொடரிடம் விழுந்தது வேறிடத்தில். முதல் பெரிய போட்டியின் முதல் சுற்றில் டோகோனாமி என்ற சாதாரணப் பள்ளி, இவர்களின் பள்ளியான காரசுனோவிடம் நேர் செட்களில் தோற்று வெளியேறுகிறது. பெரிய பயிற்சியோ கனவோ இல்லாத பையன்கள். வேறு தொடராக இருந்தால் ஒரே கட்டத்தில் தள்ளிவிட்டிருப்பார்கள். ஃபுருடாட்டேயோ அன்று தோற்ற அணிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இவர்களும்தான் வாலிபால் ஆடினார்கள் என்கிறார். பள்ளிக் காலத்தில் ஒருமுறைகூடத் தேசியப் போட்டியை எட்டாத எதிரணி செட்டர் ஓய்க்காவா, கடைசியில் அர்ஜென்டினா அணியின் சட்டையோடு வந்து நிற்கிறான். காரசுனோவின் தேசியக் கனவும் ஹினாட்டாவின் காய்ச்சலோடு காலிறுதியில் முடிகிறது.

2024இல் வந்த ‘ஹைக்யூ’ படம், காரசுனோவுக்கும் அதன் போட்டிப் பள்ளியான நெகோமாவுக்கும் நடந்த ஆட்டத்தை 85 நிமிடத்தில் அடைத்தது. நிறைய வெட்டு, நெகோமாவின் பழைய கதைகள் மூச்சு முட்டுகின்றன. ஆனால் கடைசிப் பந்தை நாம் நெகோமாவின் செட்டர் கென்மாவின் கண் வழியே பார்க்கிறோம். எதிலும் ஒட்டாமல் ஆடியவன், வியர்வையில் பந்து வழுக்கித் தோற்கும் ஆட்டத்தில்தான் முதல்முறையாகக் குஷியாகிறான். அவன் கண்ணாலேயே ஆட்டத்தைக் காட்டுவது மாங்காவால் செய்ய முடியாத காரியம்.

குறை இல்லாமலில்லை. தொடரில் இனாரிசாகி பள்ளியுடனான ஆட்டம் இழுவை. அதைவிட உறுத்துவது பெண்கள். பெரும்பாலும் அவர்கள் அணி மேலாளர்கள், பையன்களுக்குத் துணை நிற்பவர்கள். காரசுனோவின் பெண்கள் அணியும் அதே போட்டியில் ஆடித் தோற்கிறது. தலைவி மிச்சிமியாவுக்குக் கிடைப்பது சில கட்டங்கள் மட்டுமே. தோற்றவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர் இங்கே கையைச் சுருக்கிக்கொண்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் வாலிபாலில் தங்கம் வென்றது 1964இல். அந்த அலையில் சிகாக்கோ உரானோ மாணவிகளை வைத்து ‘அட்டாக் நம்பர் ஒன்’னைத் தொடங்கியது 1968இல். வாலிபால் மாங்கா பிரபலமானதே பெண்களால்தான்.